‘சேமிக்க…’ என்றால் சேமிப்பதா, வேண்டாமா?

செயலியைத் தமிழாக்கினால், பட்டனில் தமிழ்ச் சொல் அடங்குமா என்பதுதான் கேள்வி. 360 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) அகலமுள்ள திரையின் அடியில் ஐந்து பட்டன் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 72 டிபி. ஆங்கில ‘ஹோம்’ அதில் கால் நீட்டிப் படுக்கும். ‘அறிவிப்புகள்’ மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். நம் கணக்கில் அது ஏழு எழுத்து; புள்ளி, கொம்புகளையும் தனியாக எண்ணும் கணினியின் யூனிகோடு கணக்கில் 12. ‘பத்து கேரக்டருக்குள் முடியுங்கள்’ என்று மொழிபெயர்ப்பாளருக்கு விதிக்கிற வரம்பு, திரையில் சொல் பிடிக்கும் இடத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

இடம் போதாவிட்டால் பலரும் முதலில் எழுத்தைச் சுருக்குவார்கள். எழுத்தளவை 12லிருந்து 9க்கு இறக்கினால் சொல் நுழைந்துவிடும். ஆனால் புள்ளி மங்கி, ‘ள’வும் ‘ள்’ளும் ஒன்றுபோலத் தெரியும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதனால் என்ன பயன்?

சொல்லை வெட்டி மூன்று புள்ளி வைப்பது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ‘டோன்ட்’ முன்னால் வருவதால் வால் வெட்டுப்பட்டாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும். தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். ‘சேமிக்க வேண்டாம்’ என்பதை வெட்டினால் ‘சேமிக்க…’ என்று நிற்கும், நேர் எதிர்ப்பொருளில்.

ஐகான் மட்டும் வைக்கலாமே என்றால், வீடு, பூதக்கண்ணாடி, மணி வரை சரி. அதற்கு மேல் ஊகம்தான். மூன்று கோட்டு மெனுவில் இடம் தாராளம், ஆனால் உள்ளே போனது பலர் கண்ணில் படாது. எப்போதாவது தொடுகிற அமைப்புகளுக்கு (செட்டிங்ஸ்) அது போதும். பக்கவாட்டில் நகரும் பட்டை, செய்திச் செயலியின் அரசியல், விளையாட்டு, சினிமா போன்ற பிரிவுகளுக்குக் கச்சிதம். ஒவ்வொரு சொல்லும் தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் பட்டன்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் கட்டைவிரல் பழகாது. முதன்மைப் பட்டைக்கு அது ஆகாது.

என் ஓட்டு, நான்கே பட்டன், இரண்டு வரி என்பதற்குத்தான். பட்டனுக்கு 90 டிபி வந்துவிடும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைத்தபடியே விட்டால் மேல்வரி ‘பூ’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் தலையில் இடிக்கும்; எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது கொடுங்கள். இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல் கண்ட இடத்தில் உடைந்து, ‘ள்’ மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நிற்கும் அபாயமும் உண்டு. அப்படி வந்தால் ‘கள்’ளையே எடுத்துவிடுங்கள். ‘மாடு மேய்ந்தன’ என்று ஒருமைப் பெயரையே பன்மைக்கும் ஆள இலக்கணம் இடம் தருகிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ‘அறிவிப்பு’ என்பதே போதும். ‘அமைப்பு’ மட்டும் உதைக்கும், சங்கம் என்று பொருள்பட்டுவிடும். அப்புறம் ‘செட்டிங்ஸ்’ என்றே போடலாமா? போடலாம். இடம் பெரிதாக மிச்சமாகாது, ஆனால் எல்லாருக்கும் புரியும்.