தூணுக்குள் ஒரு விசில்: தச்சநல்லூர் டிங்கர் பட்டறை பற்றி

ஆனி பிறந்துவிட்டால் வள்ளியூர் தாண்டி ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிக்க முடியாது. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். 22 வருஷமாக நெல்லையிலிருந்து நாகர்கோவில், திருவனந்தபுரம் விமான நிலையம் என்று வாடகை வண்டி ஓட்டுகிறேன். அந்தக் காற்றின் சத்தம் எனக்கு அத்துப்படி. இந்த வருஷம் கேட்டது வேறு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில், சீட் பெல்ட் தொங்கும் இடப்பக்கத் தூணிலிருந்து, குக்கர் விசில் அடிக்குமுன் முனகுமே, அப்படி ஒரு முனகல். வேகம் 75-ஐத் தொட்டால் ஆரம்பிக்கும், 65-க்கு இறங்கினால் அடங்கிவிடும். துபாய்க்குப் போகிற பயணி ஒருவர் பின்சீட்டில் தூக்கம் வராமல், “அண்ணாச்சி, கண்ணாடி லேசாத் திறந்து கிடக்கோ?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை எனக்கே வெட்கமாகிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. மாசியில் கங்கைகொண்டான் அருகே ஒரு டிராக்டர் டிரெய்லர் இடப்பக்கத்தில் உரசி, அந்தத் தூண் உள்ளே போய்விட்டது. இன்சூரன்ஸில்தான் வேலை நடந்தது. பெரிய பட்டறை, ஏசி வைத்த வரவேற்பறை, காபி எல்லாம் உண்டு. தூணை மாற்றினார்கள். பெயின்ட் வேலையில் குறை சொல்ல மாட்டேன், எது பழசு எது புதுசு என்று கண்டுபிடிக்கவே முடியாது. விசில் என்று போய் நின்றதும் கதவு பீடிங்கை மாற்றி 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். விசில் அப்படியே இருந்தது.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டில் ஒருவர், “ஹார்டுவேர் கடையில கதவு நிலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஃபோம் இருக்கு, தூணுக்குள்ள ஒரு டப்பா அடிச்சு விடுங்க” என்றார். அடித்தேன். மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் சீட் பெல்ட் இழுத்தால் பாதியில் நின்றது, ஃபோம் கீழே ஒழுகிப் பெல்ட் சுருளும் பெட்டிக்குள் போயிருக்கிறது. தின்னர் போட்டேன், பெட்ரோல் போட்டேன், அசையவில்லை. அந்த ஃபோம் காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். மூடிய தூணுக்குள் ஈரம் ஏது? வெளிப்பக்கம் தோல் கட்டிவிட்டு உள்ளே பிசினாகவே கிடந்து வழிந்திருக்கிறது. இறுகின இடத்திலோ எந்தக் கரைப்பானும் ஏறாது. ஒரு மழைக்குப் பிறகு பிரேக் பிடித்தால் கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டுக்குள் தண்ணீர் களக் களக்கென்று ஆட ஆரம்பித்தது. தண்ணீர் வடிகிற ஓட்டையையும் அடைத்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் தச்சநல்லூர் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள், முதலாளி அண்ணாச்சி ஒருவர். நான் கதை சொல்லி முடிக்கும்வரை அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு பத்தியைக் கொளுத்தினார். கண்ணாடிகளை ஏற்றி, ஏசி ஃபேனை முழு வேகத்தில் வைத்து, தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஓட்டைக்கு நேரே பத்தியைப் பிடித்தார். புகை நேராக உள்ளே இழுபட்டது.

“பாத்தியளா? தூணு இல்ல இது, புல்லாங்குழலுல்லா!”

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அடிபடாத வலப்பக்கத் தூணின் மூடியையும் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கறுப்பாக, பஞ்சும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு அடைப்பு, தூணின் நாலு சுவரையும் கவ்விப் பிடித்திருந்தது. கம்பெனியிலிருந்து வந்தது. இடப்பக்கம் தூணை மாற்றியவர்கள் அதைத் திரும்ப வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். கீழே ரன்னிங் போர்டு வழியாக ஏறுகிற காற்று, சத்தம், தூசி எல்லாவற்றையும் இந்த அடைப்புதான் நிறுத்துகிறதாம். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் போனில் கேட்டேன். “மாமா, அது வைக்கும்போது அவ்வளவு பெருசா இருக்காது” என்றான். நைலான் தட்டின் ஓரத்தில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை. அதைத் தூணுக்குள் கிளிப் போட்டு மாட்டிவிடுவார்கள். அப்போது சுற்றிலும் இடைவெளி இருக்கும், இருக்கவும் வேண்டும். ஏனென்றால் பாடியை முழுசாகத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது துருத் தடுப்புப் பெயின்ட் அந்த இடைவெளி வழியாகத் தூணுக்குள் போய் வடிந்து வர வேண்டும். முதலிலேயே அடைத்துவிட்டால் உள்ளே பெயின்ட் ஏறாது, துருப் பிடிக்கும். முக்கி எடுத்த பாடி 160 முதல் 180 டிகிரி ஓவனுக்குள் அரைமணி நேரம் போல நிற்கும். அந்தச் சூட்டில் பட்டைக்குள் கலந்திருக்கும் மருந்து வாயுவாகப் பிரிந்து, பட்டை பல மடங்கு பொங்கி, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த எண்ணெயில் கூழ்வத்தல் பொரிகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பெயின்ட் போகிறவரை சும்மா இருந்துவிட்டு, போனபிறகு பொங்கு என்று ஒரு பொருளுக்குச் சொல்லிவைத்த ஆளை நேரில் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

அப்படியானால் அதே பட்டையை வாங்கி மாட்டலாமே என்றால், பட்டறைச் சூடு காணாது. பெயின்ட் காயவைக்கும் அறையில் 60, மிஞ்சிப்போனால் 80 டிகிரி. வத்தல் வத்தலாகவே கிடக்கும். அதனால் ரிப்பேருக்கு இரண்டு மருந்து கலக்கும் ஃபோம். இரட்டைக் குழாய், முனையில் திருகு மாதிரி ஒரு கலக்கி, துப்பாக்கியால் அழுத்தினால் இரண்டும் கலந்து வெளியே வந்து, ஈரத்துக்காகக் காத்திராமல் ஒன்றோடொன்று வினை புரிந்து நிமிஷக் கணக்கில் பொங்கி இறுகிவிடுகிறது. இதிலும் இரண்டு ஜாதி உண்டு: சத்தத்துக்கு மெத்தென்று இருப்பது ஒன்று, தூணுக்குப் பலம் கொடுக்கக் கல் மாதிரி இறுகுவது இன்னொன்று. மாற்றி அடிக்கக் கூடாது என்று அண்ணாச்சி டப்பாவைக் காட்டிச் சொன்னார்.

என் பழைய ஃபோமைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள். வளைத்த கம்பி, கத்தி, கடைசியில் விரல். வடிகால் ஓட்டையைத் திறந்ததும் டம்ளர் கணக்கில் பழுப்புத் தண்ணீர் வந்தது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, வலப்பக்கத்தில் அடைப்பு எந்த உயரமோ அதே உயரத்துக்கு இடப்பக்கத்திலும் அளந்து, கீழே ஒழுகாமல் ஸ்பாஞ்சால் அணை கட்டி, அதன்மேல் ஃபோம் அடித்தார். கையுறை, முகமூடி போட்டுத்தான் அடித்தார், என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். வெல்டிங் ஏதும் மிச்சமிருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் ஃபோம். பிறகு அந்த இடத்தில் நெருப்புக் காட்டினால் எரியும், புகையும் விஷம். துருப் பிடிக்காமல் உள்ளே அடிக்கிற மெழுகு ஸ்ப்ரே கடைசியில்தான், முதலிலேயே மெழுகு அடித்தால் ஃபோம் ஒட்டாதாம்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்றார், ஆறு நாள் ஆனது. மூன்று விமான நிலைய சவாரி போயிற்று. தூணின் மூடி கிளிப் ஒன்றை ஒரு பையன் உடைத்துவிட்டுச் சொல்லவே இல்லை, நான்தான் கண்டுபிடித்தேன். பெல்ட் பெட்டியோடு சேர்த்து 9,300 ரூபாய். கேட்டபிறகுதான் பில் எழுதினார், அதுவும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். ஃபோம் குழாய் விலை எனக்கு அதிகமாகத்தான் பட்டது, மிச்சம் பாதிக் குழாய் அடுத்த வண்டிக்குப் போகும்தானே? கேட்டேன். “கலக்கி முனை இறுகிட்டு அண்ணாச்சி, புது முனை போட்டாத்தான்” என்று சிரித்தார். மிச்சத்துக்குக் காசு குறைக்கவில்லை.

ஆடி இரண்டாம் வாரம் நாங்குநேரி டோல்கேட் தாண்டிக் காற்றுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காவல்கிணறு விலக்கு வரை 75-லேயே போனேன். விசில் இல்லை. இப்போது பின்சீட்டு கப் ஹோல்டர் கடகடப்பது கேட்கிறது, அதை நானே பார்த்துக்கொள்கிறேன். பட்டறைக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சி வேப்பமரத்தடிக் கட்டிலைவிட்டு எழுந்திரிக்க மாட்டார்.