ப்ளேரைட் ரிப்போர்ட்டை ரன்னுக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து வைத்த அனுபவம்

வலைத்தளங்களைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் கருவியான ப்ளேரைட்டில் டெஸ்ட் எழுதுகிறவர்கள் பலரும் ரிப்போர்ட் எங்கே போய் உட்காருகிறது என்று கவலைப்படுவதில்லை. ஓட்டினோமா, பச்சையா சிவப்பா என்று பார்த்தோமா, மூடினோமா என்று போய்விடுவார்கள். மறுநாள் ஓட்டினால் நேற்றைய ரிப்போர்ட் இருக்காது. இது பழுதில்லை, கருவியே அப்படித்தான். எச்டிஎம்எல் ரிப்போர்ட் எழுதும் முன் தன் ஃபோல்டரைத் துடைத்துவிடும். ஸ்க்ரீன்ஷாட், வீடியோ, ட்ரேஸ் (டெஸ்ட் ஓடியதன் படிப்படியான பதிவு) எல்லாம் விழுகிற டெஸ்ட்-ரிசல்ட்ஸ் ஃபோல்டரும் ஒவ்வொரு ரன்னின் தொடக்கத்திலும் காலியாகும்.

எங்கள் அலுவலகம் மண்ணடியில், தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். கீழே இறங்கினால் சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட், சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர், ஜெராக்ஸ் கடை, மறுபடியும் கிளியரிங் ஏஜென்ட். அவர்கள் பயன்படுத்தும் ஒரு வலைத்தளத்தைச் சோதிப்பது என் வேலை. சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி எங்கே சரக்கு இருந்தாலும் கண்டெய்னர் எண்ணை உள்ளிட்டுத்தான் எல்லாமே தொடங்கும். மூலையில் இருக்கும் பழைய விண்டோஸ் கணினியில் தினமும் ராத்திரி 2:15-க்கு டாஸ்க் ஷெட்யூலர் டெஸ்ட்டை ஓட்டும். காலையில் வந்து பார்ப்போம். இப்படி ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டை, ரன்னுக்கு ஒரு ஃபோல்டர் என்று மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன.

மாற்றியதன் பலன் எதில் தெரிந்தது என்றால், ஒரே ஒரு டெஸ்ட்டில். கண்டெய்னர் எண் உள்ளிடும் பக்கத்துக்கான டெஸ்ட் அவ்வப்போது ஃபெயில் ஆகும். ஃபெயில் ஆனதை மறுபடி ஓட்டும் ரீட்ரை போட்டிருந்ததால் இரண்டாம் முறை பாஸ் ஆகி, ரிப்போர்ட்டில் 'ஃப்ளேக்கி' என்று விழும். சர்வர் மெதுவாக இருந்திருக்கும், நெட் இழுத்திருக்கும் என்று டெவலப்பர்கள் சொல்வார்கள். மறுத்துப் பேச என்னிடம் அன்றைய ரிப்போர்ட் ஒன்றுதான் இருக்கும். ஒரு ராத்திரியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன வாதாட முடியும்?

ஃபோல்டர்கள் சேர்ந்த பிறகு, ஃப்ளேக்கி விழுந்த ராத்திரிகளை மட்டும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். டெஸ்ட் தானாகவே ஒரு கண்டெய்னர் எண்ணை உருவாக்கி உள்ளிடும். அந்த எண் ஸ்டெப்பின் பெயரிலேயே தெரியும். ஃபெயில் ஆன எண் எல்லாமே 0-வில் முடிந்தது.

கண்டெய்னர் எண்ணுக்கு ஐஎஸ்ஓ 6346 என்ற தரநிலை இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு ஏ என்றால் 10, பி என்றால் 12 என்று 11-இன் மடங்குகளைத் தாண்டித் தாண்டி மதிப்பு உண்டு. முதல் பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால்? ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் என்பதால் 0 என்று எழுதவேண்டும். தளத்தின் நிரலில் அந்த ஒரு வரி இல்லை. மீதி 0 வந்து 0-வில் முடிகிற எண்கள் ஒழுங்காகப் பாஸ் ஆகிக்கொண்டிருந்ததால், 'கடைசியில் 0 வந்தாலே பிரச்சினை' என்று நான் சொன்னதையும் முதலில் யாரும் நம்பவில்லை. ஃபெயில் ஆன எண்களைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் சரி என்றார்கள். மீதி 10 வருகிற வரிசை எண்களைத் தவிர்க்கும்படி அந்தத் தரநிலையே பரிந்துரைப்பதால் நிஜத்தில் அப்படிப்பட்ட பெட்டி குறைவு. அதனால்தான் வாடிக்கையாளர்கள் யாரும் புகார் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

இதே விஷயத்தில் ஒரு கிளைக்கதை. பல ப்ராஜெக்ட்டுகளில் ட்ரேஸை 'ஆன்-ஃபர்ஸ்ட்-ரீட்ரை' என்று வைத்திருப்பார்கள். முதல் முறை ஃபெயில் ஆகும்போது ட்ரேஸ் பதிவாகாது, ரீட்ரைதான் பதிவாகும். எங்கள் டெஸ்ட்டில் ரீட்ரை புது எண்ணை எடுத்துப் பாஸ் ஆகிவிடும். ஆக, கையில் இருப்பது பாஸ் ஆனதன் ட்ரேஸ்! ஃப்ளேக்கி டெஸ்ட்டைத் துரத்துகிறவர்கள் 'ரீடெய்ன்-ஆன்-ஃபெயிலியர்' என்று மாற்றிக்கொள்வதே நல்லது. ஓட்டம் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

அமைப்பது பெரிய வேலை இல்லை. கான்ஃபிக் ஃபைலில் எச்டிஎம்எல் ரிப்போர்ட்டருக்கு அவுட்புட்-ஃபோல்டர், பொதுவாக அவுட்புட்-டிர், இரண்டிலும் நேரம் சேர்த்த பெயரைக் கொடுத்தால் போதும். ஒரு ரன்னுக்கு ஒரு தாய் ஃபோல்டர், அதற்குள் ரிப்போர்ட் ஒன்று, ஆதாரங்கள் (ஸ்க்ரீன்ஷாட், வீடியோ, ட்ரேஸ்) ஒன்று எனப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றுக்குள் இன்னொன்றை வைத்தால் இரண்டும் மோதுகின்றன என்று ப்ளேரைட்டே எச்சரிக்கும். ரிப்போர்ட் தன் இடத்தைத் துடைக்கும்போது ஆதாரமும் சேர்ந்து போய்விடும். கூடவே ஓப்பன் என்பதை 'நெவர்' என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், டெர்மினலில் கையால் ஓட்டி ஏதாவது ஃபெயில் ஆகும்போது ரிப்போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை நகராது.

தலைவலி எல்லாம் அந்த நேரத்தில்தான். ஜாவாஸ்க்ரிப்ட்டின் டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் கொடுக்கும் நேரத்தில் முக்காற்புள்ளி வரும். விண்டோஸில் ஃபோல்டர் பெயரில் அது கூடாது. அதை மாற்றிவிட்டாலும், அது தருவது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 2:15-க்கு ஓடிய ரன் முந்தைய நாள் 20:45 என்று பெயர் வாங்கிக்கொள்ளும். கீழ்த்தளத்து ஏஜென்ட் அண்ணன் மாடியேறி வந்து, "தம்பி, வெள்ளிக்கிழம ராத்திரி ஓட்டுனதுல இந்தப் பக்கம் பாஸ் ஆச்சா?" என்று கேட்டால் எந்த ஃபோல்டரைத் திறப்பது? உள்ளூர் நேரத்தில், வருடம் முதலில் வருமாறு 2025-01-10_0215 என்பது போல எழுதினால், பெயர்வரிசையும் தேதிவரிசையும் ஒன்றாகவே இருக்கும். விண்டோஸ் கட்டளைகளை எழுதி வைக்கும் பேட்ச் ஃபைலில் வரும் தேதியை நம்பவேண்டாம். அந்தக் கணினியின் ரீஜன் அமைப்பைப் பொறுத்து அது மாறும், சில அமைப்புகளில் சாய்கோடும் சேர்ந்து வரும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. கான்ஃபிக் ஃபைல் ஒருமுறை மட்டும் படிக்கப்படுவதில்லை. டெஸ்ட்டுகளைப் பிரித்து ஓட்டும் ஒவ்வொரு வொர்க்கர் ப்ராசஸும் அதைத் தனியாகப் படிக்கும். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனால் ப்ளேரைட் அந்த வொர்க்கரைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். கான்ஃபிக்கில் நேரடியாக 'இப்போது மணி என்ன' என்று கேட்டிருந்தால் புது வொர்க்கர் புது நேரத்தை எடுத்துக்கொண்டு, ஒரே ரன்னின் ஸ்க்ரீன்ஷாட்டுகள் நாலு ஃபோல்டரில் சிதறும். நேரத்தை என்விரான்மென்ட் வேரியபிளில் (ப்ராசஸ் தன்னோடு வைத்திருக்கும் பெயரிட்ட மதிப்பு) ஒருமுறை போட்டு, ஏற்கெனவே இருந்தால் அதையே எடு என்று எழுதினால் தீர்ந்தது. வொர்க்கர்கள் தாய் ப்ராசஸிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளும்.

பார்க்கும்போது, இன்டெக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் ரிப்போர்ட் திறக்கும், ட்ரேஸ் திறக்காது. ஷோ-ரிப்போர்ட் கட்டளையோடு ஃபோல்டர் பெயரைக் கொடுக்கவேண்டும். அது 9323 போர்ட்டில் வரும். இரண்டு ராத்திரிகளை அருகருகே வைத்து ஒப்பிட இரண்டாவதற்கு வேறு போர்ட் கொடுக்கலாம். நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான்.

இனி வட்டு இடம். ரிப்போர்ட் எழுதும்போது ஸ்க்ரீன்ஷாட், வீடியோ, ட்ரேஸ் எல்லாவற்றையும் ப்ளேரைட் தன் டேட்டா ஃபோல்டருக்குள் நகல் எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒரே வீடியோ இரண்டு இடத்தில். ஆகவே, ரன் முடிந்ததும் ஆதார ஃபோல்டரைத் தயங்காமல் நீக்கிவிடலாம். ரிப்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், முடிவுகளை ஸ்க்ரிப்ட் படிக்கும் வடிவில் எழுதும் ஜேசன் ரிப்போர்ட்டரையும் சேர்த்துக்கொண்டேன். அதன் ஸ்டாட்ஸ் பகுதியில் எத்தனை டெஸ்ட் எதிர்பார்த்தபடி முடிந்தது, எத்தனை முடியவில்லை, எத்தனை ஃப்ளேக்கி என்று எண்கள் இருக்கும். ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் அதைப் படித்து ஃபோல்டர் பெயரின் கடைசியில் 'ஃபெயில்' அல்லது 'ஃப்ளேக்கி' என்று ஒட்டிவிடும். ஒட்டு இல்லாதவை இரண்டு வாரத்தில் அழியும், ஃபெயில் மூன்று மாதம் இருக்கும். ஃப்ளேக்கியை மட்டும் நானாகப் பார்த்து அழித்தால்தான் உண்டு.

பல ரன்களைச் சேர்த்துப் போக்கைக் காட்டும் வசதி இந்த எச்டிஎம்எல் ரிப்போர்ட்டில் இல்லை. அது வேண்டுமென்றால் அல்யூர் என்ற தனி ரிப்போர்ட் கருவியின் பக்கம் போகலாம். அங்கும், அல்யூர் 2-இல் பழைய ரிப்போர்ட்டின் ஹிஸ்டரி ஃபோல்டரைப் புது ரிசல்ட்ஸுக்குள் கொண்டுபோய் வைத்தால்தான் வரைபடம் வரும். எங்களைப் போல ஒரு கணினி, ஒரு ராத்திரி ரன் என்று இருப்பவர்களுக்கு ஃபோல்டர் பெயரே போதுமானதாக இருக்கிறது.