லைட் பாக்ஸில் நான்: ஆர்.எஸ்.புரத்தில் ஒன்றரை மணி நேரம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை எனக்கு. பதினான்கு வருஷமாக அடுத்தவர் கலரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டையிங்கிலிருந்து லாப் டிப், அதாவது மாதிரிக்குச் சாயம் போட்ட துணி, வந்தால் ஏ, பி, சி மூன்று துண்டையும் நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸுக்குள் வைத்து, பையர் கேட்ட ஷேடுக்கு எது பக்கம் என்று காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். ஆனால் போன தீபாவளிக்கு ஆசைப்பட்டு எடுத்த லாவண்டர் சுடிதாரோடு ஆபீஸ் போனால், மதியத்துக்குள் மூன்று பேர் "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள்.

தங்கச்சிதான் சொன்னாள், கோவை ஆர்.எஸ்.புரத்தில் 'பர்சனல் கலர் அனாலிசிஸ்' செய்கிறார்கள், நம் முகத்துக்கு எந்த நிறம் எடுக்கும் என்று பார்த்துச் சொல்வார்கள், போய் உட்காரு என்று. ஒன்றரை மணி நேரம், 2,500 ரூபாய். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கடைப் பெயர் வேண்டாம்.

பவுடர், மை, லிப்ஸ்டிக் எதுவும் இல்லாமல் வரச் சொன்னார்கள். தலைமுடியை வெள்ளைத் துணியால் மூடி, கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறத் துணி போர்த்தி, ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். சாம்பல் துணியைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் லைட் பாக்ஸின் உள்சுவரும் சாம்பல்தான். சுவரின் நிறம் துணியின் மேல் விழக்கூடாது.

முதலில் தோலின் உள்நிறம் தெரிய மணிக்கட்டைத் திருப்பி, நரம்பு பச்சையா நீலமா என்று தேடினார் அங்கே பார்க்கிற பெண். என் தோலில் நரம்பே தெரியவில்லை. "விடுங்கக்கா, நம்ம ஊரு தோலுக்கு இது சரிப்பட்டு வராதுங்க" என்று அவரே சிரித்துவிட்டார். அந்த நேர்மை பிடித்தது.

அப்புறம் துணிகள். தாடைக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாக உருவுவார்கள். இரண்டு சிவப்பைச் சொல்கிறேன். நீலம் கலந்த ராணி கலர் சிவப்பைப் போட்டபோது கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் ஒரு விரல் அகலம் கூடியது, உதட்டோரம் அழுக்குப் போலத் தெரிந்தது. அதை உருவிவிட்டு செங்கல் சிவப்பு வந்ததும் கருவளையம் எங்கே போனது என்று நானே கண்ணாடியிடம் குனிந்து பார்த்தேன். என் முகம் மாறவில்லை, துணிதான் மாறியது. இதைக் கண்ணால் பார்க்கத்தான் காசு.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பாரிஸில் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப்பகுதித் தலைவராக இருந்த செவ்ரோல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839இல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். இதே புகாரோடு நானும் டையிங்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன் என்பது வேறு கதை. லாவண்டர் செய்ததும் அதுதான். தன் எதிர் நிறமான மஞ்சளை என் தோலில் தூக்கிக் காட்டியது. ஏற்கெனவே மஞ்சள் ஓடுகிற மாநிறம், சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

இனி குறை. ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்க, தலைக்கு மேலே மஞ்சள் எல்.இ.டி. இரண்டு எரிந்துகொண்டிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே துணி, டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் ஷேடுக்குச் சரியாக இருக்கும், டி.எல்.84 என்கிற கடை டியூப் வெளிச்சத்தில் தாவிவிடும். அதனால்தான் இரண்டிலும் பார்த்து அனுப்புகிறோம். "கண்ணு, அந்த லைட்டை அணைச்சுட்டுப் பாக்கலாமா?" என்றேன். அணைத்ததும், ஏற்கெனவே ஓரமாகத் தள்ளிய பாட்டில் பச்சை திரும்பி வந்து நன்றாகவே உட்கார்ந்தது. நான் கேட்காமல் இருந்திருந்தால்? இன்னொன்று, துணியெல்லாம் பளபளக்கிற சாட்டின். நான் கட்டுவது நெகமம் காட்டன். பளபளப்பு முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பருத்தி அடிக்காது. போகிறவர்கள் உங்கள் துப்பட்டா நாலைந்தையாவது பையில் போட்டுக்கொண்டு போங்கள், கேட்டால் போட்டுக் காட்டுகிறார்கள்.

கடைசியில் தீர்ப்பு: நான் 'டீப் ஆட்டம்'. அம்மாவிடம் போனில் சொன்னேன். "என்ன ஆட்டம் அம்மிணி?" என்றார். இலையுதிர் காலமாம். நிறங்களை நாலு பருவத்தோடு சேர்த்துப் பேசியவர்களில் ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியில் பாடம் எடுத்த இட்டன் முக்கியமானவர். அவர் ஊரில் இலை பழுத்து உதிரும். காங்கேயத்தில் பிறந்தவளுக்கு ஆடிக் காத்து தெரியும், பங்குனி வெயில் தெரியும். கையில் கொடுத்த நாற்பது கலர் அட்டையை வீட்டில் வைத்து நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்: அரக்கு, பாக்கு கலர், மாம்பழ மஞ்சள், பாசிப்பச்சை, மயில்கழுத்து, காப்பிப்பொடி. இந்தப் பெயர்களைச் சொன்னால்தான் சேலைக் கடையில் அண்ணன் சரியான அடுக்கை இறக்குவார்.

மேக்கப் பகுதி அரை மணி நேரம்தான், ஆனால் எனக்கு அதுதான் அதிகம் உபயோகப்பட்டது. இதுவரை கடைகளில் என் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷனைத்தான் தலையில் கட்டியிருக்கிறார்கள். பூசினால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அதில் சேர்க்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடு வெள்ளை நிறமி, கறுத்த தோலில் அப்படித்தான் தெரியும். இங்கே தாடையோரம் மூன்று கோடு இழுத்து, பத்து நிமிஷம் காய விட்டு, வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். எது தோலோடு மறைந்ததோ அதுதான் என் ஷேடு. உதட்டுக்குச் செங்கல் சிவப்பும் மெரூனும். பீச் போட்டால் உதடே காணாமல் போகிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கிட் எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று மூன்று தரம் சொல்ல வைத்தார்கள்.

அடுத்த வாரம் அம்மாவோடு சேலை எடுக்கப் போனேன். அவர் அட்டையைக் கேட்கவே இல்லை. எடுத்த சேலையை என் தோளில் போட்டு, கையைப் பிடித்து வாசல்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "லைட்டுல எல்லாம் அழகாத்தான் இருக்கும். வெளிச்சத்துல பாக்கோணும், மூஞ்சி முன்னால தெரியுதா, சேலை முன்னால தெரியுதான்னு." என் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் எடுப்பார், நான்தான் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு அரக்கு நிறத்தில் ஒரு நெகமம் எடுத்தோம். அட்டையிலும் இருக்கிறது, வாசலிலும் நின்றது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். லைட்டை அணைத்தால் நாலு. காலை பதினொன்றுக்கு முன்னால் நேரம் வாங்குங்கள், மழை மூட்டமான நாள் வேண்டாம், சன்ஸ்கிரீன் பூசாதீர்கள்.

அந்த லாவண்டர் சுடிதாரை இப்போது தங்கச்சி போடுகிறாள். அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கிறது, அதுதான் கொஞ்சம் எரிச்சல்.