வேறொருவரின் நீர்மட்டம்: பழைய மீன் தொட்டியுடன் மூன்று ஆண்டுகள்

போன வாரம் ஃபில்டர் மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் மீன் வளர்க்க ஆசைப்படுகிறாளாம். பழைய தொட்டி வாங்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டார். கையெல்லாம் கிரீஸ், முழங்காலில் வலி. "புதிதாகவே வாங்குங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகளாக ஒரு சொட்டுக்கூட ஒழுகாத பழைய தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன பதில் அது என்பது பிறகுதான் உறைத்தது.

தொட்டியின் மீது பெரிய குற்றம் எதுவும் சொல்ல முடியாது. 90 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 45. நிரப்பினால் ஏறக்குறைய 180 லிட்டர். வாங்கி வந்ததும் உள்மூலைகளில் இருந்த பழைய சிலிக்கான் பசையைச் சவர பிளேடால் மொத்தமாகச் சுரண்டி எடுத்தேன். ஒழுகும் இடத்தில் மட்டும் மேலே பூசிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இறுகிய பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாக ஒட்டாது. பூஞ்சை பிடிக்காது என்று விற்கும் குளியலறை சிலிக்கானையும் தொடக்கூடாது. பூஞ்சையைத் தடுக்கும் மருந்து மீனையும் சும்மா விடாது. பூசிய பிறகு ஏழு நாள், அந்தப் புளித்த வினிகர் வாடை முழுதும் அடங்கும் வரை, காயவிட்டேன். அடியில் செய்தித்தாள் விரித்துத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் பார்த்தேன். தாள் நனையவில்லை. அந்தப் பெருமை இன்றும் இருக்கிறது.

கூடவே வந்த ஹீட்டரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு 26 டிகிரியில் வைத்தேன். காலையில் வெப்பமானி 34 காட்டியது. குப்பைக்குப் போனது. மீனோடு வைத்துச் சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "பழகிய தொட்டி, இன்றைக்கே மீன் விடலாம்" என்று விற்றவர் சொன்னதும் பொய்த்தது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வாழ்வது ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான். அந்த ஸ்பாஞ்ச் அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. பாக்டீரியாக்களை முதலிலிருந்து வளர்க்கத் தொடங்கி ஐந்து வாரம் காத்திருந்தேன். இவை எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அந்த வெள்ளைக் கோடு.

முன்பக்கக் கண்ணாடியில், மேல் விளிம்புக்கு நான்கு விரல் கீழே, சுண்ணாம்புக் கயிற்றால் அடித்ததுபோல ஒரு பட்டை. முந்தைய உரிமையாளரின் நீர்மட்டம் அது. பார்க்கப் போன அன்று என் கண்ணில் படவே இல்லை. காரணம், "தூசியாக இருக்கிறது, இருங்கள்" என்று சொல்லி ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்துக் காட்டினார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்தேன்! சொரசொரப்பான கண்ணாடி காற்றில் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். அந்தப் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் மறைந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது காய்ந்திருந்தது. கோடு பளிச்சென்று நின்றது.

வினிகரில் நனைத்த காகிதத்தை இரவு முழுவதும் ஒட்டிவைத்தேன். படிந்திருந்த உப்பு நுரைத்துக்கொண்டு பாதி கரைந்தது. சிட்ரிக் அமிலத்தில் இன்னும் கொஞ்சம் போனது. பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன், பொடியாகச் சிறிது உதிர்ந்தது. அதற்குப் பிறகு நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் கோடு மட்டும் இருந்தது. அதற்கு மேல் அது கறை இல்லை. கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது.

என்னிடம் இருப்பவை டேனியோ மீன்கள். துள்ளிக் குதிப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதால் தண்ணீரை விளிம்புக்கு ஏழு விரல் கீழே நிறுத்தியிருந்தேன். கோடு அதற்கு மூன்று விரல் மேலே, காய்ந்து, வருபவர்களுக்கெல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. "தண்ணீர் குறைந்துவிட்டதே, ஊற்றவில்லையா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. ஒரு வருடம் பிடிவாதமாக இருந்தேன். பிறகு தோற்றுப்போய், கண்ணாடி மூடி ஒன்று வெட்டி வாங்கி, தண்ணீரை அவர் மட்டத்துக்கும் சற்று மேலே ஏற்றினேன். கோடு காணாமல் போனது. இவ்வளவுதானா என்று இருந்தது.

அதோடு முடியவில்லை. மூடி இருந்தும் ஒரு வாரத்தில் ஒரு விரல் அளவு ஆவியாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வாக்கில் பட்டையின் மேல் ஓரம் எட்டிப்பார்க்கிறது. உடனே எழுந்து போய் ஒரு குவளை ஊற்றுகிறேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடினநீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர், வாரந்தோறும் கால் பங்கு மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர் என்று வைத்திருக்கிறேன். இப்படிப் பார்த்துப் பார்த்து ஊற்றுவதால் மீன்கள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக அந்த மனிதருக்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

ஃபில்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டையாகிப்போன ஓ-ரிங்தான் கசிவுக்குக் காரணம். மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் உப்பிவிடும்.

ஆக, பழையதை வாங்கலாமா? தொட்டி ஒழுகவில்லை, ஃபில்டர் ஓடுகிறது, மீன்கள் குஞ்சு பொரித்தன. இருந்தாலும் என் பதில் அதேதான்: புதிது வாங்குங்கள். பழையதைத்தான் வாங்குவேன் என்றால், காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துப் போய் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, உலர்ந்தபின் வெளிச்சத்தில் பாருங்கள்.

நேற்று நண்பர் மறுபடி அழைத்தார். "உங்களுக்குத்தான் பிடிக்கவில்லையே, உங்கள் தொட்டியை எனக்கே கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து பார்க்கிறேன்" என்றார். கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இன்று காலையிலேயே ஒரு விரல் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். ஈரத்துணியும் பக்கத்தில்தான் இருக்கிறது.