உக்கிப்போன படகுத் தளமும் வாழைச்சேனைக் காக்காவும்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் பைபர் படகு வைத்திருக்கிற மூன்று பேர், உக்கின தளத்தை யாரிடம் கொடுத்து எப்படிச் செய்வித்தாய் என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். என்னுடையது 18 அடிப் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நம்முடைய கரையெல்லாம் பைபர் படகு வந்து குவிந்ததே, அந்தக் காலத்துச் சாமான், மாமாவிடமிருந்து என் கைக்கு வந்தது. வெளி ஓடு இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறது. உள்ளே தளம்தான் போய்விட்டது. இஞ்சினுக்கு முன்னால் கால் வைத்தால் ஈர மெத்தையில் நிற்கிற மாதிரி அமுங்கும், பெற்றோல் கான் வைக்கிற மூலையில் திருகாணி எல்லாம் விரலால் இழுத்தாலே கையோடு வந்தது. முன்பு நாலு பேர் கரையேற்றிய படகை ஏழு பேர் தள்ளவேண்டி வந்தபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே தளத்தை ஒருவரிடம் கொடுத்துச் செய்வித்தேன். யார் என்று சொல்லப்போவதில்லை. பழைய தளத்துக்கு மேலேயே இரண்டு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு, ரெசின் (அந்த நாரை ஒட்டிப் பிடிக்கிற பிசின்) பூசி, சாம்பல் பெயின்ற் அடித்து ஒரே நாளில் தந்தார். பளபளவென்று இருந்தது. ஒரு மாரி முடிய ஓரமெல்லாம் அப்பளம்போலக் கிளம்பிவிட்டது. ஈரம் உள்ளே இருக்க மேலே மூடி போட்டால் வேறு என்ன நடக்கும்?

இந்த முறை வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகப் பக்கம் இருக்கிற பட்டறைக்கு, உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். பெயர்ப்பலகை இல்லை, ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டிலும்தான். பட்டறைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) படகைச் சுற்றி வந்து ஒரு சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டிக்’ என்கிறது, உக்கின இடத்தில் ‘பொத்’ என்கிறது. பாதிக்கு மேல் பொத்துதான். “தம்பி, மேலால பூசித் தாங்க எண்டா நான் செய்யமாட்டன், வேற ஆளப் பாருங்க” என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் கொடுத்தது சரி.

வெட்டுவதற்கு முன்னால் படகுக்குக் கீழே பழைய டயரும் மரச்சட்டமும் வைத்து எல்லாப் பக்கமும் தாங்கல் கொடுத்தார். தளத்தை எடுத்துவிட்டால் ஓடு தன் பாரத்திலேயே வளைந்துவிடும், வளைந்த நிலையில் புதுத் தளத்தை ஒட்டினால் அந்தக் கோணல் சாகும்வரைக்கும் போகாதாம். பிறகு ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டுக் கிரைண்டரால் சுற்றி வெட்டித் தளத்தை மூடிபோலத் தூக்கினோம். உள்ளே பார்த்தால் பிளைவுட் கறுத்த பிண்ணாக்குப்போல, மிதப்புக்காக அடியில் போட்டிருந்த போம் பிழிந்தால் தண்ணீர் ஊற்றுகிறது, நீளவாட்டுச் சட்டம் இரண்டில் ஒன்று வெறும் பைபர் கூடு, அதற்குள் இருந்த மரத்தை அகப்பையால் அள்ளலாம். கடல் தண்ணீரால்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். இல்லையாம். உப்புத் தண்ணீரில் பூஞ்சணம் அவ்வளவாகப் பிடிக்காது, மாரியில் படகை மூடாமல் கரையில் போடுகிறோமே, அந்த மழைத் தண்ணீர் திருகாணி ஓட்டையால் இறங்கி மாதக்கணக்கில் கிடப்பதுதான் மரத்தைத் தின்கிறது. கார்த்திகை, மார்கழியில் நாம் எல்லாரும் செய்கிற வேலை.

திறந்தபடியே ஒன்பது நாள் காயவிட்டார். வெக்கையாக வீசுகிற கச்சான் காற்றுக் காலம் என்பதால் சரியாகக் காய்ந்தது, மழைக்காலத்தில் இந்த வேலைக்குக் கொடுக்கவே வேண்டாம். அதே கச்சான் சூட்டில் ரெசின் சட்டென்று இறுகிவிடும் என்பதால் காலையிலும் பின்னேரத்திலும் மட்டும்தான் கலக்கினார், அதுவும் சின்னச் சின்னதாக, ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம் ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கிற திரவம்), தராசு வைத்து. மற்ற இடங்களில் போத்தல் மூடியால் மதிப்பாக ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய பைபரைச் சொரசொரப்பாகும் வரைக்கும் தேய்த்து அசிட்டோனால் துடைத்த பிறகுதான் புது மேட் வைத்தார், பழைய பைபரில் புது ரெசின் அந்தக் கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. புதுப் பிளைவுட் 12 மில்லிமீற்றர் மரைன் பிளை, அடிப்பக்கம், மேல்பக்கம், வெட்டின விளிம்பு எல்லாவற்றுக்கும் ரெசின் ஊட்டிக் காயவைத்து இறக்கினார். சட்டங்களின் அடியில் தண்ணீர் பின்பக்கம் வடிந்து போக ஓட்டையும் விட்டார், முந்தி அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

போம் விசயத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலிவாக இருக்கும் என்று மட்டக்களப்பில் ரிஜிபோம் (பெட்டிச் சாமான்களுக்கு வைத்து வருகிற வெள்ளைப் போம்) வாங்கிக்கொண்டு போனேன். காக்கா ஒன்றும் பேசவில்லை, ஒரு துண்டில் கொஞ்சம் ரெசின் விட்டார், சீனி கரைவதுபோல நடுவில் குழி விழுந்தது. திரும்பிப் போய் ரெசினுக்குக் கரையாத வேறு போம் தேடி எடுத்துவர ஒரு நாள் போயிற்று. போமே வேண்டாம் என்றும் சொன்னார், நான்தான் விடவில்லை. முகத்துவாரத்தில் அலை ஏறிப் படகு நிறைந்தால் மிதக்க ஏதாவது வேண்டுமே.

சரி, குறைகள். 12 நாள் என்றார், 23 நாள் எடுத்தது. போன் எடுக்கமாட்டார், மஃரிபுக்கு, அதாவது அந்தித் தொழுகைக்குப் பிறகு அடித்தால் மட்டும் கிடைப்பார். சட்டம் உக்கியிருந்ததால் காசு முதலில் சொன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியது. அதில் எனக்குத் தகராறு இல்லை, திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூடுகிறது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பில் துண்டும் இல்லை, சிகரெட் பெட்டி மட்டையில்தான் கணக்கு. பெரிய குறை என்றால் தளத்தை வழவழவென்று முடித்துத் தந்தது. முதல் நாளே மீன் ஈரத்தில் மச்சான் சறுக்கி விழுந்தான். பிறகு நானே சலித்த ஆற்றுமணலை ஈர ரெசினில் தூவி இன்னொரு பூச்சுப் பூசினேன். கொடுக்கிற ஆக்கள் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

இந்த மாரி முழுக்கப் படகு வெளியில்தான் நின்றது, இந்த முறை தறப்பாள் போட்டு, தண்ணீர் வடிகிற அடிமூடியைக் கழற்றி, பின்பக்கத்தைச் சாய்த்து. போன கிழமை சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் டிக். தள்ளுவதற்கு நாலு பேர் போதும்.

போகிற ஆக்கள் வெள்ளிக்கிழமைப் பகலில் போகவேண்டாம், பட்டறை பூட்டு. கிரைண்டர் போடுகிற நாளில் ஆர்வத்தில் பக்கத்தில் போய் நிற்கவும் வேண்டாம். அன்றைக்குக் கட்டியிருந்த சாறனை மனைவி மூன்று தரம் தோய்த்துத் தந்தா, பைபர் தூள் இன்னும் கடிக்கிறது.