புடவை போய்ச் சேர்ந்தது, 38,600 ரூபாய் என்னிடமிருந்து போய்விட்டது: ஆன்லைனில் விற்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் மெயில் வந்தது. புடவை வாங்கிய பெண் தன் கார்டு பேங்கில் கொடுத்த புகார் அவளுக்கே சாதகமாக முடிந்துவிட்டதாம். இரண்டே வரி. 38,600 ரூபாய் போச்சு. அதற்கு மேல் புகாரைக் கையாண்ட கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் பிடித்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்று காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காஞ்சிபுரத்திலிருந்து பட்டுப்புடவை விற்கிறேன். கடை கிடையாது. தறிக்காரர்களிடம் வாங்கி, வாட்ஸ்ஆப்பில் படம் போட்டு, ஒரு பேமெண்ட் கம்பெனியின் லிங்க் அனுப்பிப் பணம் வாங்குவேன். நாலு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

பெங்களூருவிலிருந்து ஒரு பெண் பேசினாள். தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்றாள். வீடியோ காலில் முக்கால் மணி நேரம். அரக்கில் பச்சைக் கரை போட்டது ஒன்று, மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, இரண்டும் கோர்வை. கோர்வை என்றால் என்ன அக்கா என்று கேட்டாள். உடலுக்கும் கரைக்கும் நூல் ஓட்டும் நாடா தனித்தனி, இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும், தறியில் துணைக்கு இன்னொரு ஆள் உட்கார வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். "அப்படின்னா இந்த விலை நியாயம்தான் அக்கா" என்றாள். ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அவளை முழுசாக நம்பினேன். நெசவின் அருமை தெரிந்த பெண் என்று அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

கிரெடிட் கார்டில் 38,600 வந்தது. மறுநாள் ஒரு மெசேஜ்: "பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க அக்கா, ஆபீஸ் அட்ரஸுக்கு அனுப்பிடுங்களேன்." அனுப்பினேன். நாலாம் நாள் டெலிவரி ஆனது. "ரொம்ப அழகா இருக்கு அக்கா, அம்மா அழுதுட்டாங்க" என்று வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பினாள். அந்தக் குரல் இன்னமும் என் போனில் இருக்கிறது.

52 நாள் கழித்து, பொருள் வந்து சேரவில்லை என்று தன் கார்டு பேங்கில் புகார் கொடுத்திருக்கிறாள். பேமெண்ட் கம்பெனி என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்து எனக்கு வரவேண்டிய பணத்திலிருந்து 38,600 ரூபாயை நிறுத்திவிட்டது. ஆதாரம் கொடுக்க 7 நாள். மெயில் வந்தது சனிக்கிழமை ராத்திரி.

ஓடிபி போட்டுத்தானே கட்டினாள், எப்படித் திரும்பிப் போகும் என்று கேட்டேன். கார்டுக்காரர்தான் பணம் கட்டினார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, பொருள் கைக்குப் போனதற்கு இல்லை என்றார்கள். நாலு வருடம் விற்ற எனக்கு அன்றைக்குத்தான் இது தெரியும். விசா, மாஸ்டர்கார்டு எதுவானாலும் இந்த மாதிரிப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

வாய்ஸ் மெசேஜை ஏற்றப் பார்த்தேன். படமும் பிடிஎஃப்பும் மட்டும்தான் ஏற்குமாம். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "உங்கள் சிரமம் புரிகிறது மேடம்" என்பார்கள், லைன் கட்டாகிவிடும். பேங்கில் கேட்டால், முடிவு அந்தப் பெண்ணின் பேங்க் கையில் என்றார்கள். கூரியர் ஆபீஸில் நின்று டெலிவரி ரசீதின் நகல் வாங்கினேன். அதில் ஒரு கிறுக்கல், பெயர்கூட இல்லை. கடைசியில் பேமெண்ட் கம்பெனி சொன்ன காரணம், ஆர்டரில் இருந்த முகவரி வேறு, டெலிவரி ஆன முகவரி வேறு. அவள் கேட்டதால்தானே மாற்றினேன்! அந்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டையும் கொடுத்தேனே! அதைப் பற்றி ஒரு வரி பதில் இல்லை.

அவளைக் கூப்பிட்டால் ரிங் போகவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டாள். நெய்த அண்ணனுக்குக் கூலி முதலிலேயே கொடுத்துவிட்டேன். அவரிடம் போய் என்ன கேட்க முடியும்? 38,600 ரூபாயும் என் தலையில்தான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இது மட்டும்: ஆர்டரில் உள்ள முகவரியைத் தவிர வேறெங்கும் அனுப்பாதீர்கள், யார் கெஞ்சினாலும் சரி. முகவரி மாற வேண்டும் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புது ஆர்டர் போடச் சொல்லுங்கள். ஓடிபி கேட்டுக் கொடுக்கும் டெலிவரியில் மட்டும் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டிலேயே 2025 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது, கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பேக் செய்வதை வீடியோ எடுங்கள். டெலிவரி ரசீதை அந்த வாரமே வாங்கிவிடுங்கள். வாங்கியவர் நன்றாக இருக்கிறது என்று குரலில் சொன்னால், அதையே எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பெங்களூரு ஆபீஸ் முகவரி, அரக்குப் புடவை, தங்கை நிச்சயதார்த்தம் என்று யாராவது இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், பார்சலை இன்றைக்கு அனுப்பாதீர்கள். நாளைக்கு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். வாய்ஸ் மெசேஜைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன்.