டீசல் வாசத்துக்கு டர்போ மாத்துனாங்களாம், 41,300 ரூபா போச்சு, பழைய டீசல் கார் வச்சிருக்கவங்க படிங்க

கோவைல இருந்து எழுதுறேன். செம கடுப்புல இருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

வண்டி 2011 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1248 சிசி மல்டிஜெட் டர்போ இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோன்னு ஒரு காலத்துல பாதி ஊரு ஓட்டுன அதே இன்ஜின்தான், அதனால இது உங்க வண்டிக்கும் பொருந்தலாம். பிரச்சன என்னன்னா வண்டிக்குள்ள பச்ச டீசல் வாசம். ஓடும்போது ஒண்ணும் தெரியாது, அவிநாசி ரோடு சிக்னல்ல நின்னா போதும், ஏசி வழியா குப்புனு உள்ள ஏறும், பின்னாடி உக்காந்த பொண்ணு வாந்தி வருதுப்பான்னு சொல்ற அளவுக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணா 'சஃப் சஃப்'னு ஒரு சத்தம் வேற. பிக்கப் நல்லாத்தான் இருந்துச்சு, கரும்புகை கிடையாது, ஆயில் குறையல.

இத எல்லாத்தையும் அவனுங்ககிட்ட நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், அதான் வயிறு எரியுது.

அவனுங்கன்னா யாரு, ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே ஆள் வந்து வண்டிய எடுத்துட்டுப் போயி சர்வீஸ் பண்ணி கொண்டாந்து விடுவாங்களே, அந்த டைப். பேர் போடல, போட்டா பதிவத் தூக்கிருவாங்க. வண்டி எடுக்க வந்த பையன் சீட்டுக்கெல்லாம் கவர் போட்டு, கீறல ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து, ரொம்ப டீசன்ட்டா நடந்துக்கிட்டான். மத்தியானம் அட்வைசர் கூப்பிட்டாரு. "சார் அவசரமே இல்ல, வீடியோ அனுப்பிருக்கேன், நீங்களே பாத்துட்டு முடிவு பண்ணுங்க, நாங்க கமிஷனுக்கு வேல செய்ற ஆளுங்க இல்ல சார்"னாரு. வீடியோவுல கழட்டுன ஒரு டர்போ (எக்ஸாஸ்ட் புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற பாகம்), நடுவுல இருக்க ஷாஃப்ட்ட வெரலால ஆட்டிக் காட்டுறாங்க, டக் டக்குனு ஆடுது. "இது போயிடுச்சு சார், எக்ஸாஸ்ட் லீக்காகுது, அதான் வாசம். இப்படியே ஓட்டுனா ஷாஃப்ட் உடைஞ்சு இன்ஜினுக்குள்ள போயிரும், அப்புறம் ஒண்ணரை லட்சம் ஆகும், உங்க ஃபேமிலி போற வண்டி சார்." ஃபேமிலின்னு சொன்ன உடனே எவனுக்குத்தான் மனசு இளகாது? சரின்னு சொல்லிட்டேன். டர்போ 29,500, ஆயில் ஃபில்டர் 3,800, லேபர் 6,000, டயக்னாஸ்டிக் சார்ஜ்னு ஒரு 2,000. ஆக மொத்தம் 41,300. வண்டி குடுக்குறதுக்கு முன்னாடியே முழுப் பணத்தையும் ஆப்ல வாங்கிட்டாங்க.

வண்டி வந்துச்சு. பளபளன்னு வாட்டர் வாஷ் பண்ணி, டேஷ்போர்டு பாலிஷ் அடிச்சு, செண்ட் பாட்டில் ஒண்ணு மாட்டி விட்டுருந்தாங்க. செண்ட் வாசம் போனதும் டீசல் வாசம் அப்படியே இருக்கு. அதே சிக்னல், அதே நாத்தம்.

ஃபோன் பண்ணா, "புது டர்போ சார், அசெம்ப்ளி ஆயில் எரியுது, கொஞ்சம் ஓடுனா செட் ஆகிடும்". ஓட்டுனேன், செட் ஆகல. அடுத்து "ஏசி ஃபில்டர் மாத்திப் பாருங்க சார்". அடுத்து "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". எந்த டீமும் கூப்பிடல, ஆப்ல பாத்தா கம்ப்ளைண்ட் 'தீர்க்கப்பட்டது'ன்னு பச்சக் கலர்ல டிக் அடிச்சு கிடக்குது. யார்டா தீத்தா? பழைய டர்போவக் குடுங்கன்னு கேட்டா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். பில்லுல டர்போ சீரியல் நம்பர் எங்கன்னு கேட்டா, "அது எங்க சிஸ்டத்துல இருக்கு சார்". அந்த அட்வைசரு இப்ப என் நம்பர எடுக்குறதே இல்ல, பொண்டாட்டி நம்பர்ல இருந்து கூப்பிட்டா முதல் ரிங்லயே எடுத்து "வணக்கம் மேடம், சொல்லுங்க"ங்குறான், என் குரலக் கேட்டதும் கட். கடைசியா ஒரு மெசேஜ் வந்துச்சு, 5 ஸ்டார் ரேட்டிங் குடுத்தா அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபா கூப்பனாம். 41,300க்கு 500.

அப்புறம் ஆபிஸ்ல ஒரு அண்ணன் சொல்லி, டீசல் நாசில், பம்ப் வேல மட்டும் பாக்குற ஒரு பட்டறைக்குப் போனேன். பெரியவரு. நான் கதைய ஆரம்பிச்சு டர்போன்னு சொன்னதுமே சிரிச்சிட்டாரு. "ஏனுங் தம்பி, டர்போவுக்குள்ள டீசலே போகாதுங்களே, அப்புறம் டீசல் நாத்தத்துக்கு அத எதுக்கு மாத்துனாங்க?" அம்புட்டுதான். டர்போல ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் புகை, ஒரு பக்கம் காத்து, நடுவுல ஆயில். டீசலுக்கு அங்க வேலையே இல்ல. பல்லு வலின்னு போனவனுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணி அனுப்புன கத.

அவரு செஞ்சத நின்னு பாத்தேன். இன்ஜின் கவரக் கழட்டுனாரு, உள்பக்க ஸ்பாஞ்ச் டீசல்ல ஊறிப் போயி கிடக்கு. மேல எல்லாத்தையும் துணியால தொடச்சுட்டு, வண்டிய ஐடில்ல விட்டுட்டு, இன்ஜெக்டர் (டீசல இன்ஜினுக்குள்ள பீய்ச்சுற நாசில்) தலைல மாட்டிருக்க ரிட்டர்ன் பைப், அதாவது மிச்ச டீசல் திரும்பிப் போற பைப், அது முனைல டிஷ்யூ பேப்பர வச்சு வச்சு எடுத்தாரு. ரெண்டாவது இன்ஜெக்டர்ல பேப்பர் நனைஞ்சிருச்சு. அதோட ஓ-ரிங், அதான் ரப்பர் வளையம், காஞ்சு போயி கசியுது. அதே இன்ஜெக்டர் அடியில தாரு மாதிரி கருப்பா கெட்டியா படிஞ்சிருந்துச்சு, அதுல சோப்புத் தண்ணி ஊத்துனாரு, இன்ஜின் ஓட ஓட நுரை பொங்குது. கீழ இருக்க காப்பர் வாஷர் போயி கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள்ள அழுத்துன காத்து, வெளிய வருது, அந்த 'சஃப் சஃப்' சத்தம் அதுதானாம். கண்ணாடிக்குக் கீழ இருக்க கிரில் வழியாத்தான் ஏசிக்குக் காத்து போகுது, அதனால பானட்டுக்குள்ள கசியுறது நின்ன வண்டில நேரா உள்ள வரும், ஓடும்போது காத்து அடிச்சுட்டுப் போயிரும். ஓ-ரிங், காப்பர் வாஷர், இன்ஜெக்டர் உக்கார்ற இடத்த க்ளீன் பண்ணது, கூலி எல்லாம் சேத்து 2,850 ரூபா. வாசம் போச்சு, சத்தமும் போச்சு.

இன்னொண்ணு கேளுங்க. டர்போ நட்ட டார்ச் அடிச்சுக் காட்டுனாரு. பழைய துரு மேல சில்வர் பெயிண்ட் ஸ்ப்ரே பண்ணிருக்கு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. ஆயில் பைப் போல்ட்டு வாஷர் கூட பழசு. மாத்தவே இல்ல போல! அப்ப அந்த வீடியோல ஆடுனது எவனோட டர்போ? அதுவும் பெரியவரு சொன்னாரு, ஆயில் இல்லாம கழட்டி வச்ச டர்போ பக்கவாட்டுல கொஞ்சம் ஆடத்தான் செய்யுமாம், முன்னாடி பின்னாடி ஆடுனாலோ பிளேடு சுவத்துல உரசுனாலோதான் போச்சுன்னு அர்த்தமாம்.

டிப்ஸ் எழுதுறேன்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல, சுருக்கமா.

பச்ச டீசல் வாசமா, கண்ணு எரியுற புகை வாசமான்னு மொதல்ல பிரிச்சுப் பாருங்க. பச்சன்னா ரிட்டர்ன் பைப், ஃபில்டர், டீசல் லைன். புகைன்னா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய்), டர்போ பேக்கிங், ஈஜிஆர் பைப் (கொஞ்சம் புகைய இன்ஜினுக்கே திருப்பி விடுற பைப்), இதுல எதாவது லீக்கா இருக்கும், ஜாயிண்ட்ல கருப்பா புகைக்கரி அடிச்சிருக்கும், குளிர்ந்த இன்ஜின்ல டிக் டிக் சத்தம் ஜாஸ்தியா வந்து சூடானா கொறையலாம். உள்ள உக்காந்தா தலவலி, மயக்கம் மாதிரி இருந்தா வண்டிய ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. டீசல் கசியுறத சும்மா விடாதீங்க, சூடான டர்போ மேல சொட்டுனா தீப்பிடிக்கும். இன்ஜின் ஓடும்போது காமன் ரெயில்ல (இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரிச்சு விடுற குழாய்) இருந்து வர்ற இரும்பு பைப்ப கையால தடவிப் பாக்காதீங்க, ஆயிரம் பாருக்கு மேல கூட பிரஷர் ஏறும், தோலக் கிழிச்சு உள்ள போயிரும்.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி பழைய பாகத்தக் கையில வாங்குங்க. வீடியோல உங்க நம்பர் பிளேட்டும் சேந்து தெரியணும்னு சொல்லுங்க, மழுப்புனா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

நான் 1915ங்குற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்துட்டேன். அடுத்து கன்ஸ்யூமர் கோர்ட்டுதான், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. பெரியவரு அந்த நட்டு விஷயத்த எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னுருக்காரு, நாளைக்குப் போயி வாங்கணும். இதே மாதிரி டர்போ வீடியோ வேற யாருக்காவது வந்திருந்தா மெசேஜ் பண்ணுங்க, ஒரே வீடியோவ எத்தன பேருக்கு அனுப்பிருக்கானுங்கன்னு பாத்துருவோம்.